தெற்கு அடிவானத்து விளக்குகள்

எங்கள் தொலைநோக்கியைச் சதுரப் பெட்டியாகச் செய்வதென்று மூன்று பேரும் ஒருமனதாக முடிவெடுத்தோம். வட்டக் குழாய்தான் இலேசானது. ஆமர் வீதிக் கடைகளில் பத்தங்குலப் பிளாஸ்டிக் குழாய் கிடைக்கும், கேட்ட நீளத்துக்கு வெட்டியும் தருவார்கள். ஆனால் அது போர்க்காலம். கொழும்பில் ஒரு தமிழன் ஐந்தடிக் குழாயொன்றை வாய் வானத்தைப் பார்க்க நிமிர்த்தி வைத்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார் என்பதை எங்களில் எவருக்கும் எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே ஒட்டுப்பலகையில் நீளப் பெட்டி.

"சவப்பெட்டி மாதிரி இருக்கு மாஸ்டர்" என்றார் அதைச் செய்த நண்பர். "பரவால்ல. சவப்பெட்டிய யாரும் திறந்து பாக்க மாட்டாங்க."

"இந்த நாட்டில் இப்போது அதையும் திறந்து பார்க்கிறார்கள்" என்றார் மூன்றாமவர், ஆங்கிலத்தில். மூன்று பேரும் சிரித்தோம்.

பெட்டியின் வடிவத்தில் இவ்வளவு கவனமாக இருந்த நாங்கள் ஒரு தாளில் பிடிபட்டோம். 'நாங்கள்' என்று எழுதுவதும் பிழை. பிடிபட்டவர் அந்த நண்பர் மட்டுமே. தாள் என்னுடையது. நான் வரைந்து, நானே அவர் கையில் கொடுத்தது. அதற்காக அவர் பதினொரு மாதம் அடைபட்டுக் கிடந்தார். நான் வெள்ளவத்தையில் என் வீட்டிலிருந்து பாடசாலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். சென்ற ஆண்டு அவர் வெளிநாட்டில் காலமானார். இனி இதை அவர் வாசிக்கமாட்டார். எழுதும் துணிவு எனக்கு அதனால்தான் வந்தது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

நான் கணித ஆசிரியன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, தொழிலுக்காகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் கடலுக்குப் போகும் ஒழுங்கையொன்றில் இரண்டாம் மாடியில் குடியிருந்தேன். நண்பர் கொட்டாஞ்சேனைக்காரர். கத்தோலிக்கர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர். துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைத் திருத்தும் வேலை. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். மூன்றாமவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர், சிங்களவர், தெகிவளையில் வசித்தார். நண்பரை அவர் 'மல்லி' என்பார், சிங்களத்தில் தம்பி. நண்பர் அவரை 'மாத்தயா', அதாவது ஐயா, என்பார். நான் இரண்டு பேருக்கும் 'மாஸ்டர்'.

எங்களைச் சேர்த்தது மின்வெட்டு. மணித்தியாலக் கணக்கில் நகரம் முழுக்க இருண்டு கிடந்த ஒரு காலம் இருந்தது. எல்லோரும் வியர்த்து வழிந்து திட்டிக்கொண்டிருக்க, நான் மொட்டைமாடிக்குப் போய்க் காலி வீதிக்கு மேலே பால்வெளியைப் பார்த்தேன். கொட்டாஞ்சேனையில் அவரும் அதையே செய்துகொண்டிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. "கரண்ட வெட்டுறவனுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதணும் மாஸ்டர்" என்பார்.

தொலைநோக்கியின் ஆடியை அவர்தான் தேய்த்தார். உடைக்க வந்த கப்பலொன்றின் வட்டச் சாளரத்திலிருந்து எடுத்த தடித்த கண்ணாடி அது. வீட்டின் பின்புறம் ஒரு பீப்பாயின் மேல் அதைப் பொருத்தி, மேலே இன்னொரு கண்ணாடியை வைத்து, இடையில் உராய்வுத்தூளும் தண்ணீரும் விட்டு, பீப்பாயைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி தேய்க்க வேண்டும். ஏழு மாதம் நடந்தார். "கட்டின நாள்ல இருந்து என்ன சினிமாவுக்கு ரெண்டு தடவ கூட்டிட்டுப் போயிருக்காரு. இந்தக் கண்ணாடியக் கூட்டிக்கிட்டு யாழ்ப்பாணம் வரைக்கும் நடந்துட்டாரு" என்று அவர் மனைவி சொல்வார். அவர் வீட்டில் இருந்தபடி தையல் செய்து கொடுப்பவர். பேச்சில் கணவரை விடக் கெட்டிக்காரி.

ஆடி முடிந்து, பெட்டியும் முடிந்த பிறகு, ஓர் இரவு முழுக்க நகரத்துக்கு வெளியே போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தது. சந்திரனும் கோள்களும் கொழும்பிலிருந்தே தெரியும். நாங்கள் பார்க்க விரும்பியவை வேறு. நெபுலாக்கள், விண்மீன் கொத்துகள், தூரத்து விண்மீன் மண்டலங்கள். கண்ணுக்குப் புகைபோலத் தெரியும் இவற்றுக்கு முழு இருட்டு வேண்டும். மாசி மாத அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை ஒன்றைத் தெரிவு செய்தோம். சிலாபம் போகும் பாதையில் உள்ளே தள்ளி, நில அளவையாளரின் உறவினர் ஒருவருக்கு ஆளில்லாத தென்னந்தோட்டம் இருந்தது. இன்னும் ஏழெட்டுப் பேர் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். நில அளவையாளர் அந்தப் பகுதிப் பொலிசுக்குச் சிங்களத்தில் கடிதம் எழுதி, பெயர் விபரமும் கொடுத்து, முத்திரை குத்திய அனுமதியும் வாங்கிவிட்டார். எல்லாம் சட்டப்படி.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் என் வீட்டு மேசையைச் சுற்றி இருந்து திட்டமிட்டோம். எத்தனை மணிக்கு எதைப் பார்ப்பது என்ற பட்டியலை நில அளவையாளர் தன் தட்டச்சுப்பொறியில் அடித்து வந்தார். மாலையில் ஓரையன் விண்மீன் குழு. பிறகு கிழக்கில் எழும் மண்டலங்கள். நள்ளிரவை ஒட்டி, எங்கள் மூவரின் பெரிய ஆசையான கரீனா நெபுலா. அது தெற்கில் மிகவும் தாழ்வாக வரும். உச்சத்துக்கு வரும்போதும் அடிவானத்திலிருந்து இருபத்திமூன்று பாகைதான். வடக்கு நாடுகளில் இருப்பவர்களுக்குக் காணவே கிடைக்காது. எங்களுக்குக் கிடைக்கும், தெற்குப் பக்கம் இருட்டாக இருந்தால்.

"தெற்கு எப்படியென்று யாராவது முதலே போய்ப் பார்ப்பது நல்லது" என்று சொல்லி, நில அளவையாளர் தன் பழைய பித்தளைத் திசைகாட்டியை என்னிடம் தந்தார். மூடியைத் திறந்து கண்ணருகே பிடித்துப் பார்த்தால் எந்தப் பொருளும் எந்தத் திசையில் எத்தனை பாகையில் நிற்கிறது என்று துல்லியமாக வாசிக்கலாம். "நேரம் கிடைத்தால் போங்கள். கிடைக்காவிட்டால் அன்றைக்குப் பார்த்துக்கொள்வோம்."

நான் போனேன். யாருக்கும் சொல்லவில்லை. திரும்பி வந்து வியப்பூட்டலாம் என்ற சிறுபிள்ளை ஆசை. பாடசாலை முடிந்து பஸ் பிடித்துப் போய், தோட்டத்துக்குள் கிணற்றடியில் நின்றேன். இருண்டதும் தெற்கில் விளக்குகள் எரியத் தொடங்கின. அரை மைலுக்கு அப்பால் ஒரு இராணுவ முகாம்.

எங்கள் பழக்கம் அறியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். வானம் பார்ப்பவனுக்கு விளக்குத்தான் எதிரி. எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் விளக்குகளை எண்ணுவான். எது எங்கே, எவ்வளவு உயரத்தில், எத்தனை மணிக்கு அணைகிறது, எந்த மரத்தை மறைப்பாக வைத்து நின்றால் அது கண்ணில் படாது என்று குறித்துக்கொள்வான். நானும் குறித்தேன். வேலியோரம் ஒன்பது விளக்குகள். காவற்கோபுரம் இரண்டு. மேற்கே உயரக் கம்பத்தில் ஒரு சிவப்பு விளக்கு. சுழலும் வெளிச்சமொன்று எத்தனை விநாடிக்கு ஒருமுறை திரும்புகிறது என்பதையும் கைக்கடிகாரத்தில் பார்த்து எழுதினேன். ஒவ்வொன்றின் திசையையும் திசைகாட்டியில் வாசித்தேன். எட்டரைக்குக் கடைசி பஸ். அது வரும் வரைக்கும் நின்றேன். அவ்வளவு சந்தோசமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

வீட்டுக்கு வந்து நான்கு நாள் இருந்து அதைச் சுத்தமாக வரைந்தேன். வரைபடத் தாளில் கறுப்பு மை. கீழே கோடாக அடிவானம், பாகைக்குப் பாகை பிரித்து. அதன்மேல் தென்னைகள், கோபுரங்கள், விளக்குகள். எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில், அச்சுப்போலப் பெரிய எழுத்துகளில். விளக்குகள் நிற்கும் பகுதியைக் கட்டம் போட்டு, முகாம் என்றும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை, மை காய்ந்ததா என்று தாளை யன்னலோரம் பிடித்துப் பார்த்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. ஒரு வானம் பார்ப்பவனின் கண்ணை மூடிவிட்டு வேறு யாருடைய கண்ணாலாவது பார்த்தால் அந்தத் தாள் என்ன என்பது. கிழிக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, அந்தக் கட்டத்தையும் சொல்லையும் மட்டும் எடுத்துவிட்டால் போதுமே என்று நினைத்தேன். ஆனால் மை. எடுப்பதென்றால் முழுவதையும் திரும்ப வரைய வேண்டும். நாலு நாள் வேலை. அதன் அழகில் எனக்குப் பெருமை இருந்தது. மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போனேன். படிப்பித்துக்கொண்டிருக்கும்போதே, அதை நான் கொண்டுபோகக் கூடாது என்று முடிவு செய்தேன். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அவருடையதில் கொழும்பு. அவர் சிங்களம் பேசினால் சிங்களவர் என்றே நினைப்பார்கள்.

இதுதான் என் குற்றத்தின் முதல் பாதி. தெரியாமல் கொடுக்கவில்லை. தெரிந்து கொடுத்தேன்.

பின்னேரம் அவர் வேலை முடிந்து வந்தார். அடுத்த நாள் மத்தியானம் நில அளவையாளரின் வான் வண்டி கொட்டாஞ்சேனைக்குப் போய் அவரையும் பெட்டியையும் ஏற்றும். நான் பிந்தி பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. என்னிடமிருந்த இரண்டு கண்வில்லைகளை எடுத்துப்போகத்தான் அவர் வந்தார். லாச்சியைத் திறந்து தாளையும் கொடுத்தேன்.

விரித்துப் பார்த்தவர் விசிலடித்தார்.

"எப்ப மாஸ்டர் போனீங்க? சொல்லவே இல்ல!"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எப்பிடி இருக்கு?"

"தென்னமரத்தையும் எண்ணிட்டீங்களே. தேங்கா எத்தனன்னு போடல?" பிறகு மெதுவாக விரலை அடிவானத்தின் மேல் ஓட்டினார். "சரியா இந்தத் தென்னைங்களுக்குப் பின்னால வச்சா லைட் எல்லாம் மறையும். நெபுலா மட்டும் மேல நிக்கும். அப்பிடித்தானே?"

"அதுதான்."

"நீங்களே கொண்டு வாங்களேன் மாஸ்டர். நான் கசக்கிப்போடுவேன்."

"இல்லைத் தம்பி. நீங்கள் வானில முதலே போறியள். வெளிச்சம் இருக்கேக்கையே பெட்டியை எங்க வைக்கிறதெண்டு பாக்கோணும். உங்களிட்ட இருந்தாத்தான் நல்லது."

அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். படியிறங்கிப் போகும்போது, நாளைக்கு மழை பெய்தால் மாஸ்டர்தான் பொறுப்பு என்று கீழே நின்று சத்தம் போட்டார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அவர் மனைவி. முதல் நாள் உடுத்த சேலை என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

"மாஸ்டர், அவர நேத்துப் பிடிச்சிட்டாங்க. பஸ்ஸ நிப்பாட்டி எல்லாரையும் எறக்கியிருக்காங்க. பையில ஒரு பேப்பர் இருந்துச்சாம். காம்ப் படமாம். ராத்திரி முழுக்கப் பொலிஸ் வாசல்ல நின்னேன். அவருக்கு ஏது மாஸ்டர் காம்ப்? அவருக்குத் துறைமுகத்த விட்டா வீடு, வீட்ட விட்டா அந்தப் பீப்பா."

கதவை முழுதாகத் திறந்துவிட்டேன்.

"நட்சத்திரம் பாக்கிறதுக்குன்னு சொல்லியிருக்காரு. யாரு வரஞ்சதுன்னு கேட்டிருக்காங்க. நான்தான் வரஞ்சேன்னு சொல்லிட்டாராம். அங்க நின்ன ஒரு பொலிஸ்காரன் சொன்னான்." என் முகத்தைப் பார்த்தார். "அவருக்கு ஒரு நேர் கோடு போட வராது மாஸ்டர். நான் துணி வெட்டவே அவருகிட்டக் கோடு போடக் குடுக்கிறதில்ல. நீங்க வந்து சொல்லுங்க. நீங்க படிச்சவரு. பாடசாலை மாஸ்டர். நீங்க சொன்னாக் கேப்பாங்க."

"வாறன்" என்றேன். "நீங்கள் முன்னால போங்கோ பிள்ளை. உடுப்பு மாத்திக்கொண்டு பின்னாலயே வாறன்."

"நான் இங்க கோயில்ல பாதர் ஒருத்தரப் பாத்து, ஒரு கடிதம் வாங்கிட்டுப் போறேன். நீங்க நேரா வந்துடுங்க."

அவர் இறங்கிப் போனார். உடுப்பு மாற்றினேன். வெள்ளைச் சட்டை போட்டேன். அடையாள அட்டை, பாடசாலைக் கடிதம், கொழும்பில் தங்கும் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாம் எடுத்தேன். மனைவி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"போப்போறியளே?"

"ஓம்."

"போய் என்னெண்டு சொல்லப்போறியள்? நான்தான் காம்புக்குப் பக்கத்தில நிண்டு லைற்றுகளை எண்ணினனான் எண்டோ?" அவள் குரலை உயர்த்தவில்லை. "அவரை விடுவினமெண்டு எனக்குத் தெரியாது. உங்களைப் பிடிப்பினமெண்டு மட்டும் தெரியும்."

அவள் சொன்னதால்தான் நான் நின்றுவிட்டேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது உண்மையில்லை. அவள் சொன்ன பிறகும் நான் வெளிக்கிட்டுப் போனேன். காலி வீதிக்கு நடந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். கோட்டைக்குப் போகும் பஸ் ஒன்று வந்தது. சனம் நிறைய என்று விட்டேன். அடுத்ததில் சனம் இல்லை. அதில் ஏறக் காலை வைத்தேன், எடுத்தேன். நடத்துநர் திட்டிவிட்டு மணி அடித்தார். மூன்றாவதும் போனது. நான்காவது வந்து நின்றபோது நான் நிறுத்தத்திலிருந்து பின்னுக்குத் தள்ளி, ஒரு புடவைக்கடையின் மூடிய கதவோடு ஒட்டி நின்றேன். அது போனதும் வீட்டுக்குத் திரும்பினேன். மொத்தம் முக்கால் மணித்தியாலம் இருக்கும். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொளுவினேன்.

பின்னேரம் நில அளவையாளர் வந்தார். வானை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போய், விசயம் அறிந்து, அனுமதிக் கடிதத்தோடு நேரே பொலிசுக்குப் போயிருக்கிறார். பட்டியலையும் பெட்டியையும் பற்றி விளக்கியிருக்கிறார். ஒரு அதிகாரி பொறுமையாகக் கேட்டு, படத்தையும் காட்டினாராம்.

"நட்சத்திரத்தை அவர்கள் நம்புகிறார்கள்" என்றார், கதிரையில் இருக்காமலே. "படத்தைத்தான் நம்பவில்லை. மல்லி தான் வரைந்ததாகச் சொல்கிறார். எங்கே நின்று வரைந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். வீதியிலிருந்து என்றாராம். வீதியிலிருந்து அந்த முகாம் தெரியாது. அவர் அங்கே போனதே இல்லை, மாஸ்டர். வேறு யாரோ வரைந்து கொடுத்தது, அந்த ஆளை மறைக்கிறார் என்று அவர்கள் முடிவுக்கு வந்துவிட்டார்கள். அந்த யாரோ யார் என்று தெரிந்தால் விசயம் வேறு. தெரியாத வரைக்கும் விடமாட்டார்கள்."

நான் எழுந்து உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, அவருடைய திசைகாட்டியை எடுத்து வந்து மேசையில் வைத்தேன்.

"எனக்கு அங்கே போக நேரம் கிடைக்கவில்லை" என்றேன். "இது அலுமாரியிலேயே இருந்தது."

அவர் அதை எடுத்தார். மூடியைத் திறந்தார். மூடினார். நாற்பது வருடம் நிலத்தை அளந்தவர். ஒரு தாளில் இருக்கும் அளவு என்ன கருவியால் எடுத்ததென்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் சொன்னதை நான் போய்ச் சொல்கிறேன், மாஸ்டர். நீங்கள் சொன்னதாகச் சொல்கிறேன்."

அதன் பிறகு அவர் என் வீட்டுக்கு வரவில்லை.

ஒரு கிழமைக்குப் பிறகு இரண்டு பேர் வந்து என்னிடம் வாக்குமூலம் எடுத்தார்கள். நட்சத்திரம் பார்க்கும் அளவில் மட்டுமே அவரைத் தெரியும் என்றேன். படத்தைக் காட்டினார்கள். இதைக் கண்டிருக்கிறீர்களா என்றார்கள். மை எங்கும் பரவாமல், சுத்தமாக இருந்தது. சட்டைப்பையில் மடித்த மடிப்புகள் மட்டும் அழுக்காகியிருந்தன. இல்லை என்றேன். சிங்களத்தில் எழுதிய தாளில் தமிழில் கையொப்பம் போட்டேன்.

பிறகு பதினொரு மாதம். எந்த நாளும் கதவு தட்டும் சத்தம் கேட்டால் முதலில் யன்னலால் கீழே எட்டிப் பார்த்தேன். அவர் சொல்லிவிடுவார் என்றே எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் ஒரு பாரம் இறங்கியிருக்கும் என்று இப்போது எழுதுவது சுலபம். அன்று நான் வேண்டியது, அவர் சொல்லக் கூடாது என்பதைத்தான். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது. அவரை இடம் மாற்றிவிட்டார்கள் என்றும், துறைமுக அனுமதி அட்டையை ரத்துச் செய்துவிட்டார்கள் என்றும் யார் யாரோ சொல்லக் கேட்டேன். அவர் மனைவி என்னிடம் திரும்ப வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவுமில்லை. வராதது வசதியாக இருந்தது.

குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் அவரை விட்டார்கள். ஒரு மாதம் பொறுத்து ஒரு ஞாயிறு பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

மெலிந்திருந்தார். வலது தோளை மேலே தூக்க முடியவில்லை. மற்றபடி அதே ஆள். என்னைக் கண்டதும் எழும்பி வந்து இடது கையால் என் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார். துறைமுகம் திரும்ப எடுக்காது என்றும், ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றமொன்றில் யாரோ வேலை பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். அவர் மனைவி தையல் மெசினுக்கு முன்னால் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்து போனார்.

"மாஸ்டர், ஒன்னு கேக்கணும்."

"கேளுங்கோ."

"கோவிச்சுக்கக் கூடாது. உள்ள இருக்கும்போது அடிக்கடி அதே நெனப்பு. அந்தப் படத்த நீங்க எங்கிட்டத் தரும்போது, அது இப்பிடி ஒரு வில்லங்கமான பேப்பர்னு உங்களுக்குத் தெரியுமா?"

தையல் மெசின் நின்றிருந்தது. குசினியில் கேத்தல் மூடி ஆடும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு சொல் போதும். ஓம் என்று சொன்னால், கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலை ஒரு முறையாவது அவருக்குக் கொடுத்தவனாவேன்.

"இல்லைத் தம்பி" என்றேன். "அந்த யோசனையே வரேல்லை. எனக்கு நெபுலா மட்டும்தான் தெரிஞ்சது."

அவர் மூச்சை விட்டார். முகம் முழுக்க மலர்ந்தது. "அதுதானே! எனக்கும் அப்பிடித்தானே மாஸ்டர், கையில வாங்கும்போது தோணவே இல்லையே. நம்ம மூணு பேருக்கும் அதுதான் வியாதி." குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினார். "கேட்டியா? நான் சொல்லல? மாஸ்டருக்குத் தெரியாது. உங்கள இழுத்து விட்டிருந்தா யாழ்ப்பாண அட்டைக்கு என்ன செஞ்சிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும் மாஸ்டர். என் ஒருத்தனோட போகட்டும்னு விட்டுட்டேன்."

அவர் மனைவி தேத்தண்ணியைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். "குடிங்க மாஸ்டர்" என்றார். குடித்தேன். சீனி அளவாக இருந்தது.

புறப்படும்போது அவர் வாசலோடு நின்றுவிட, மனைவி மட்டும் தெருமுனை வரை கூட வந்தார். ஒரு முச்சக்கரவண்டி வழிவிடச் சொல்லி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அது போகும் வரைக்கும் பொறுத்திருந்து பேசினார்.

"அன்னைக்குப் பாதரப் பாத்திட்டு நான் ஏறின பஸ், நீங்க நின்ன ஹோல்ட்ல நின்னுச்சு. யன்னலால கை காட்டினேன். மாஸ்டர்னு கூப்பிட்டேன். நீங்க கடைக் கதவோரமாப் பின்னுக்குப் போனீங்க."

நான் முச்சக்கரவண்டி போன பக்கம் பார்த்தேன்.

"சனம் ஏறும் வரைக்கும் பாத்திட்டே இருந்தேன். ஏறுவீங்கன்னு நெனச்சேன்." அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "அவருகிட்ட இதச் சொல்லல. சொல்லவும் மாட்டேன். சொன்னா அவரு உள்ள கெடந்தது சும்மாப் போயிடும். அத வச்சிக்கிட்டுத்தான் அந்த மனுசன் இப்ப நடமாடுது."

"பிள்ளை, நான்…"

"வேணாம் மாஸ்டர். நீங்களும் சொல்லிடாதீங்க. உங்களுக்கு லேசாகும்னு வந்து அவருகிட்ட எறக்கி வச்சிடாதீங்க. இனி இங்க வரவும் வேணாம். அவரு கூப்பிடுவாரு. ஏதாவது சொல்லிக்கங்க. உங்களுக்குத்தான் சொல்ல வருமே."

அவர் திரும்பி நடந்தார். வாசலில் நின்றிருந்த கணவர் என்னை நோக்கி இடது கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

அவர் கூப்பிட்டார். அடுத்த தைமாதம் தொலைபேசியில் பேசி, பெட்டியில் கறையான் பிடிக்கவில்லை, ஆடியைத் திரும்பக் கழுவி வைத்திருக்கிறேன், மாத்தயாவும் வருவதாகச் சொல்கிறார், மாசி அமாவாசைக்கு வேறு எங்காவது போவோமா என்று கேட்டார். பரீட்சைத் தாள்கள் திருத்த இருக்கிறது என்றேன். அதற்கடுத்த ஆண்டும் கேட்டார். மனைவிக்குச் சுகமில்லை என்றேன். பிறகு அவர்கள் குடும்பமாக நாட்டை விட்டுப் போனார்கள். போவதற்கு முதல் நாளும் தொலைபேசி எடுத்தார். அங்கே குளிர் என்றும், அந்த நெபுலா அங்கிருந்து தெரியாது என்றும், நான் ஒருநாளாவது போய்ப் பார்த்துவிட்டு எப்படியிருந்ததென்று எழுத வேண்டும் என்றும் சொன்னார். எழுதுவதாகச் சொன்னேன். அவர் குரலில் பிரிகிற வருத்தம் இருந்தது. என்மேல் சந்தேகம் கொஞ்சமும் இருக்கவில்லை.